கேட்கக் கூடாத வீடு

"எங்க வீட்ல யாரும் யாரையும் வேலை வாங்க மாட்டோம்."

"அப்ப வேலையெல்லாம் யாரு செய்வாங்க?"

"யாருக்குத் தோணுதோ அவங்க. பரிசுத்த ஆவியானவர் உள்ளே இருந்து ஏவுவாரு. சொல்லிச் செய்யுறது பழைய நுகம். நாங்க அதைக் கழட்டி எறிஞ்சிட்டு வந்தவங்க."

"எங்க வீட்ல ஏவுறது அம்மாவோட தொண்டைதான். தெருமுனை வரைக்கும் கேக்கும்."

அவன் சிரித்தான். கல்யாணத்துக்கு முன்பு, அவன் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் நடந்த பேச்சு அது. சிரித்துக்கொண்டே அவள் கண்ணாடியை முகத்திலிருந்து மெல்ல எடுத்தான். மெத்தென்ற துணியால் இரண்டு பக்கமும் துடைத்தான். திரும்ப மாட்டிவிட்டு, "நீ கேக்கலையே, நானாத்தானே செஞ்சேன்?" என்றான். உலகமே கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. அந்த நிமிடத்தில்தான் இவனைக் கட்டிக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள்.

இன்று மாடிப்படி ஏறும்போது அந்தப் பேச்சு ஏனோ நினைவுக்கு வந்தது. படி திரும்பும் இடத்திலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. வெறும் மல நாற்றமாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். அதன் மேல் யாரோ ரோஜா வாசனை மருந்தை அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து தொண்டைக்குள் இறங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குழாயை வைத்து எச்சிலும் இரத்தமும் உறிஞ்சுவதுதான் வேலை. அழுகிய கடைவாய்ப் பல்லின் நாற்றத்தை முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, முடிஞ்சிடுச்சு" என்று தோளைத் தட்டுவாள். அங்கே அவளுக்கு அருவருப்பு வந்ததே இல்லை. சொல்லப்போனால், ஒரு நடுங்கும் தோளைத் தட்டும்போதுதான் ஆண்டவர் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். அருவருப்பு வீட்டில்தான்.

கதவைத் திறந்தாள். கணவன் எழுந்து வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். "வாங்க டாக்டரம்மா" என்றான். அவன் வைத்த செல்லப் பெயர். மாமியார் நாற்காலியில் வேத புத்தகத்தோடு இருந்தார். மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள்.

"உள்ளே கொஞ்சம் வாடை. அதான் சாத்தி வச்சேன்" என்றான் அவன். மதியத்திலிருந்து அப்பாவுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்றும், அம்மாவுக்குக் கைமூட்டு வலி என்றும் சொன்னான். சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் சொன்னால் கேட்டதுபோல் ஆகிவிடும்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. அவள் கால் வலிக்கிறது என்று முனகினால் மறுநாளே நல்ல செருப்பு வாங்கி வருவான். ஜுரமாகக் கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவான். எல்லாம் ஏவுதலால்தான். ஆனால் ஆவியானவர் அவனை ஒருமுறைகூடக் குளியலறைப் பக்கம் ஏவியதில்லை. சாக்கடை வாயில் சிக்கிய முடிக்கற்றை, மூடியைத் திறந்தால் பச்சைப் பூசணம் பூத்திருக்கும் பாத்திரம், இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் மாமனாரின் கட்டிலடி மலச்சட்டி, இதற்கெல்லாம் ஏவுதல் தவறாமல் மருமகளுக்கே வந்தது.

வந்த புதிதில் ஒருநாள், மழை தூறுது, கொடியில கிடக்கிறதைக் கொஞ்சம் எடுங்களேன் என்று அவனிடம் கேட்டுவிட்டாள். அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் வெளுத்துப் போனது. மாமியார் சிரித்த முகத்தோடு, "அது யாரோட குரல்மா, பழைய சபைக்காரங்க மாதிரி இருக்கே" என்றார். அப்புறம்தான் கதை தெரிந்தது. முன்பு இருந்த சபையில் சட்டைக் கையின் நீளத்துக்கும் சட்டம், பெஞ்சைத் துடைப்பதற்கும் சட்டம். அவன் சிறுவனாக இருந்தபோது காலணியைத் துடைக்க மறந்ததற்காக ஆராதனை முடியும்வரை எல்லார் முன்னாலும் முட்டிபோட வைத்திருக்கிறார்கள். அன்றே மாமனார் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இனி இந்த வீட்டில் கட்டளை கிடையாது, கேட்பதும் கட்டளைக்குத் தம்பிதான் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தாராம். அதைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லை. சொல் நாக்கின் அடியிலேயே ஊறிக் கிடந்தது.

துண்டைக் காலால் தள்ளிவிட்டு அறைக்குள் போனாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். விரிப்பு, வேட்டி, இடுப்புக் கட்டின் ஓரம் எல்லாம் நனைந்து, விளிம்பில் காய்ந்தே போயிருந்தது. ஈ ஒன்று அவர் முழங்காலில் உட்கார்ந்து உட்கார்ந்து பறந்தது. மாமனார் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"எப்போலேர்ந்து மாமா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்."

"கூப்பிட்டிருக்கலாமே. அவரு கடைக்குப் போகாம இங்கதானே இருந்தாரு."

பல் மருத்துவமனையில் நாற்காலியில் சாயும் ஒவ்வொருவரிடமும் மருத்துவர் முதலில் சொல்வது, வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்பதுதான். இந்த வீட்டில் ஒருவரும் கையைத் தூக்குவதில்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு விரிப்பின் நுனியைப் பிடித்தாள். அவர் தொடையை இறுக்கிக்கொண்டார்.

"நீ வேணாம்மா. சட்டியை எடுக்கறது வேற. இது... உன் கையால வேணாம். கூசுது."

"யாரு கையால மாமா?"

சுவரைப் பார்த்தபடியே, "கேக்கக் கூடாதே" என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. "சட்டமே வேணாம்னு வெளியே வந்து, நான் போட்ட ஒரே சட்டம்."

அவள் குளியலறைக்குப் போய் வாளியில் வெந்நீர் பிடித்தாள். சாத்திய கதவுக்கு வெளியே வேதம் வாசித்துக்கொண்டிருந்த இருவரையும் நினைக்க, ஈயை நினைத்ததைவிட அதிகமாகக் குமட்டியது. பையை வாங்கிக்கொண்ட அந்தக் கை கண்ணில் வந்து நின்றது. நகம் ஒட்ட வெட்டிய, அழுக்கே படாத கை. ஒரு காலத்தில் அந்தக் கைக்காகத்தான் உயிரை விட்டாள். இன்று இரவு அது தோளைத் தொட்டால் உடம்பு சுருங்கும் என்று தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. வேலை அவளைக் கொல்லாது. பேசாமலே இருந்தால் இந்த மனிதன் மேல் இருக்கும் ஆசை ஒருநாள் செத்துக் கிடக்கும். அதற்கும் மேலே யாராவது ரோஜா வாசனை அடிப்பார்கள்.

உள்ளுக்குள் ஒரு சொல் எழுந்தது. இது ஆவியானவரா, வெறும் ஆத்திரமா? அவளுக்குத் தெரியவில்லை. இதுநாள் வரை, வாயை மூடிக்கொண்டு செய்வதற்கு வருவதுதான் ஏவுதல் என்று நினைத்திருந்தாள். வாயைத் திறக்கவும் அவர் ஏவுவாரா? வாளி நிரம்பும்வரை காத்திருந்தாள். ஆத்திரம் மெல்ல வடிந்தது. வடிந்த பிறகும் அந்தச் சொல் அப்படியே நின்றது. அதில் இப்போது குத்தல் இல்லை. உள்ளே கிடப்பவர் மேல் இரக்கமும், ஆச்சரியமாக, வெளியே இருப்பவன் மேலும் கொஞ்சம் இரக்கமும் இருந்தன. நுகத்தைக் கழற்றிவிட்டால் கைகள் காலியாகும். காலியான கைகள் எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லவில்லை.

முன்னறையில் ஜெபம் தொடங்கியிருந்தது. மாமியார் கண்ணை மூடி, இந்த வீட்டுக்கு உதவி செய்ய நல்ல ஒரு கையை அனுப்பும் ஆண்டவரே என்று மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவன் தன் இரண்டு கைகளையும் கோர்த்து மடியில் வைத்திருந்தான்.

ஆமென் வரும்வரை அவள் நின்றாள். பிறகு வாளியை அவன் காலடியில் வைத்தாள். தன் தோளில் கிடந்த துண்டையும் ஒரு ஜோடி கையுறையையும் அவன் மடியில் போட்டாள். அவன் கண் திறந்து பார்த்தான். மழை தூறிய அன்று பார்த்த அதே முகம், வெளுக்கத் தொடங்கியது.

"அம்மாடி," என்று மாமியார் ஆரம்பித்தார்.

"இருங்க அத்தை." அவள் குனிந்து கணவனின் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். "யாரும் உங்களை முட்டிபோட வைக்க மாட்டாங்க. முடியாதுன்னு நீங்க சொல்லலாம். ஆனா நான் வாய் விட்டுக் கேக்குறேங்க. வாங்க, உங்க அப்பாவை உங்க கையால கழுவி விடுங்க."