கூரைக்குப் பல் துலக்கிய மத்தியானம்

என் கணவருக்கு ஏணி என்றால் உயிர். தீயணைப்பு நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏணி" என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி போய் நின்றதும் முதல் ஆளாய்க் கால் வைப்பவர் அவர்தான். எத்தனையோ மாடிகளிலிருந்து எத்தனையோ பேரைத் தோளில் போட்டு இறக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம் சொந்த வீட்டில் விழுந்தார். ஓட்டு விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ஒரு தகர வாய்க்கால் அடித்திருக்கிறோம். அதில் அடைத்திருந்த சருகை அள்ளப் போனவர் ஏணியோடு சரிந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எரிகிற மாடியில் கீறல் படாத கால், அரை பக்கெட் சருகுக்காகப் போனது.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஏணியைத் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டேன். விஷயம் தெரிந்ததும் மனுஷன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடும் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது.

கால் கூடிவிட்டது. ஆனாலும் நிலையத்தில் அவரை டெலிபோன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். "ஏணி, போன் அடிக்குது பாரு" என்று சின்னப் பையன்களெல்லாம் கிண்டல் செய்கிறார்களாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. பக்கத்து வீட்டு மரத்துக்கு எங்கள் கூரைமேல் என்ன பாசமோ, இருக்கிற இலையையெல்லாம் இங்கேதான் கொட்டும். வாய்க்கால் நிறைந்து, அதில் ஏதோ செடி வேறு முளைத்து, எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேரே சுவர் வழியாக உள்ளே இறங்கும். பார்க்கலாம் என்று வாசலுக்கு வந்தால், தெருக்கோடி பெயின்டர் வீட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார்! கொஞ்சம் விந்தி விந்தித்தான் நடை. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

"எதுக்குங்க அது?"

"சும்மா, சாத்தி வைக்கலாம்னு."

"சாத்தி வச்சு அழகு பாக்கப் போறீங்களா? ஏறாதீங்க. சொல்லிட்டேன்."

"பின்ன யாரு ஏறுவா? நீ ஏறுவியா?"

"யாரும் ஏற வேணாம். தரையில நின்னே சுத்தம் பண்ணலாம்."

அவர் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. "தரையில நின்னா? சரிடி. மழை வர்றதுக்குள்ள பண்ணிக் காட்டு. பண்ணிட்டேன்னா இந்த ஜென்மத்துல நான் ஏணி பக்கம் போக மாட்டேன். முடியலன்னா நான் ஏறுவேன், நீ வாயத் தொறக்கக் கூடாது."

கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வானத்தைப் பார்த்தேன்.

நான் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் வேலையே எட்டாத இடத்தைச் சுத்தம் செய்வதுதான். கடைவாய்ப் பல்லைப் பார்க்க யாரும் வாய்க்குள் ஏறிக் குதிப்பதில்லை. குச்சியின் நுனியில் சின்னக் கண்ணாடி, இன்னொரு குச்சியில் சுரண்டும் கொக்கி, கடைசியில் தண்ணீர். அவ்வளவுதான். கூரை மட்டும் என்ன, கொஞ்சம் பெரிய வாய். பைப் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் பைப்புகளைக் கட்டிக்கொண்டு பறந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் வேலையில் இறங்கிவிட்டான். பைப்பை நீளமாக இணைத்து, உச்சியில் இரண்டு வளைவுகளைப் போட்டுக் குடைக் கைப்பிடி மாதிரி கவிழ்த்தான். கீழ் முனையில் தோட்டத்துக் குழாயை மாட்டினான். தண்ணீர் மேலே ஏறி, வளைந்து, வாய்க்காலுக்குள் பாயும். இன்னொரு பைப்பின் நுனியில் என் பழைய குழம்புக் கரண்டியை வளைத்துக் கம்பியால் இறுக்கினேன். அதுதான் சுரண்டும் கொக்கி. கண்ணாடிக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அவன் பைப் அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி ஒட்டடைக் கம்பில் கட்டிவிட்டேன்.

"ஏய், அது என்னோட கண்ணாடி!"

"தெரியும்ணே. அதான் உரிமையோட எடுத்தேன்."

இத்தனை நேரமும் என் வீட்டுக்காரர் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பைத் தூக்கியதுதான் தாமதம், உள்ளே இருந்த தீயணைப்புக்காரர் விழித்துக்கொண்டார். விசிலை எடுத்து ஊதினார். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார். என் தலையில் அவருடைய பெரிய ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். அது மூக்குவரை இறங்கியது.

"கண்ணுக்குக் கண்ணாடி போடு. கைக்கு உறை. அந்தப் பக்கம் கரன்ட் கம்பி வருது, அங்க கம்பைக் கொண்டு போகாத. மச்சான், நேர் கீழ நிக்காதீங்க, தள்ளுங்க. தள்ளுங்கன்னு சொல்றேன்ல!"

"மாப்ள, நாங்க என்ன பெட்ரோல் பங்கையா அணைக்கிறோம்?"

"தலையில சேறு விழுந்தாத் தெரியும்."

ஊருக்கெல்லாம் இவ்வளவு பாதுகாப்புச் சொல்லத் தெரிந்த மனுஷனுக்குத் தன் கால் விஷயத்தில் மட்டும் புத்தி மேயப் போய்விடும். எனக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஹெல்மெட்டுக்குள் எது செய்தாலும் யாருக்கும் தெரியாது என்பதால் இரண்டையும் செய்தேன்.

ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டேன். இடது கையில் கண்ணாடிக் கம்பு, வலது கையில் கரண்டிக் கம்பு. கண்ணாடியை மேலே சாய்த்துப் பிடித்ததும் வாய்க்காலின் உள்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. அப்பப்பா! ஜென்மத்தில் பல் விளக்காதவன் வாய் தோற்றது. சருகு, சேறு, ஒரு ஷட்டில்காக், யாருடைய சாக்ஸோ. கரண்டியைப் போட்டு என் பக்கம் இழுத்தேன். ஒரு பெரிய கட்டி விளிம்பைத் தாண்டி வந்து பொத்தென்று விழுந்தது. அண்ணன் கை தட்டினான். அடுத்த கட்டி, அதற்கடுத்தது, பிறகு சாக்ஸ். எனக்குப் பிடிபட்டுவிட்டது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சுவரோரமாக நகர்ந்தேன். முளைத்திருந்த செடியைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டபோது என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பரவால்லையே" என்றார், வேண்டாவெறுப்பாக.

அந்த ஒரு வார்த்தை அண்ணன் தலைக்கு ஏறிவிட்டது. பாதிதான் சுரண்டியிருக்கிறேன். கிளினிக்கில் முழுசாகச் சுரண்டிய பிறகுதான் கொப்பளிக்கச் சொல்வோம். அவனுக்கு எங்கே பொறுமை? "தங்கச்சி, இப்ப பாரு வேகத்த!" என்று தண்ணீர் பைப்பை நிமிர்த்தி வாய்க்காலில் மாட்டி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டான்.

"அண்ணே, வேணாம்!" என்றேன். அதற்குள் பைப்புக்கு உயிர் வந்துவிட்டது. வாய்க்காலை விட்டு எகிறி, தலையைத் திருப்பி, அண்ணனை மேலிருந்து கீழ்வரை குளிப்பாட்டியது. அவன் வலப்பக்கம் ஓடினால் அதுவும் வலப்பக்கம் வந்தது. பைப்பை அவன்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் விசிலை ஊத முயன்று, சிரிப்பில் காற்று வராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி மனசுவிட்டுச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் பொங்கியது.

அண்ணன் ஒருவழியாக இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தண்ணீரை உள்ளே செலுத்தினான். மிச்சமிருந்த குப்பையெல்லாம் மூலைக்கு ஓடியது. வாய்க்காலிலிருந்து கீழே இறங்கும் குழாயின் வாயில் போய் மொத்தமாக அடைத்துக்கொண்டது. தண்ணீர் விளிம்பில் வழிய ஆரம்பித்தது. அண்ணன் ஓடிப்போய்க் குழாயை மூடினான். மூடிவிட்டு, "நான் போயி சட்டையப் பிழிஞ்சிட்டு வர்றேன்" என்று கொல்லைப்பக்கம் நழுவினான்.

அப்போதுதான் என் ஹெல்மெட்டில் டக் என்று முதல் சொட்டு விழுந்தது.

நான் மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார். இன்னொரு சொட்டு, இன்னொன்று. கரண்டியை மூலைக்குக் கொண்டு போய் இழுத்தேன். அடைப்பு அசையவில்லை. வேரும் சருகும் சேறும் பின்னிப் பிணைந்து தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுபடியும் இழுத்தேன். கரண்டி வழுக்கியது.

"மழை வந்திருச்சு" என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை. "பேச்சு பேச்சா இருக்கணும்."

ஏணியை மூலைக்கு நகர்த்தினார். இரண்டு கையாலும் பிடித்தார். நான் வாய் திறக்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம். ஐயோ, எந்த நேரத்தில் சரி என்றேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் படியில் கால் வைத்தார். முறிந்து கூடிய கால். உடம்பு மேலே ஏறவில்லை. அங்கேயே நின்றார். மழை அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. ஏணி லேசாகச் சுவரில் கடகடவென்று தட்டியது. காற்று இல்லை. அவருடைய கால் நடுங்கியதில்தான் ஏணி ஆடியது.

நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் இறுக்கமாக ஏணியைப் பிடித்தார். இந்த மனுஷன் விழுந்தாலும் விழுவாரே ஒழிய, இப்போது இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வேணாம் என்று கத்தியிருந்தால் ஏறியே இருப்பார்.

"ஏங்க" என்றேன். "கை வலி தாங்கலைங்க. இதக் கொஞ்சம் பிடிங்களேன்."

அவர் படியிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒரு கம்பைப் பிடிக்கத் தெரியுதா உனக்கு?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்து கரண்டிக் கம்பை வாங்கிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன். திட்டினால் திட்டட்டும்.

இப்போது வேறொரு கூத்து. கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். தன் பக்கம் இழுத்தால் கண்ணாடியில் தள்ளிப் போகிற மாதிரி தெரியும். எனக்கு இது வருஷக்கணக்கில் கைவந்த பழக்கம். அவர் அடைப்பை நோக்கிப் போகிறோம் என்று நினைத்துக் கரண்டியை ஓட்டுக்குள் குத்தினார்.

"உங்க பக்கம்ங்க!"

"என் பக்கந்தான் இழுக்கிறேன்!"

"அது அந்தப் பக்கம்! கண்ணாடியப் பாக்காதீங்க!"

"பின்ன எதுக்குடி கண்ணாடி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் என் கையிலிருந்த கண்ணாடி ஆடியது. கண்ணாடி ஆடினால் அவருக்குக் கூரையே ஆடியது. "ஆட்டாதடி!" என்று கத்தியவர் அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் நனைந்துகொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். கடைசியில் கண்ணாடிக் கம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் கைமேல் வைத்தேன். "நான் அழுத்துற பக்கம் வாங்க. யோசிக்காதீங்க."

கொஞ்சம் முன்னே, கொஞ்சம் இடப்பக்கம், கீழே. கரண்டி வேருக்கடியில் இறங்கியது கைக்கே தெரிந்தது.

"இப்ப இழுங்க!"

இழுத்தார். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்தத் தலையணை மொத்தமாகப் பெயர்ந்து, விளிம்பைத் தாண்டி, தன் பின்னால் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் முழுவதையும் கூட்டிக்கொண்டு எங்கள்மேல் விழுந்தது. நேர் கீழே நிற்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் விசில் ஊதியவரே நேர் கீழே நின்றிருந்தார். ஹெல்மெட்டின்மேல் சேறு, மூக்கு நுனியில் ஒரு சருகு. சுவரோரத்துக் குழாயில் தண்ணீர் களகளவென்று இறங்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் குதித்தேன். இந்த வயதில் குதித்தேன், அதுவும் செருப்பில்லாமல்.

அண்ணன் பிழிந்த சட்டையோடு எட்டிப் பார்த்தான். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கொல்லைப்பக்கமே போய்விட்டான்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மழை இப்போது கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கு அடியில் ஒதுங்கி நின்றோம்.

"உனக்குக் கை வலிக்கல, இல்ல?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வரவில்லை. "இல்லீங்க."

"பயமா இருந்துச்சுடி. போன்ல யாராவது மாடில மாட்டிக்கிட்டோம்னு சொன்னாக்கூட இப்ப கை நடுங்குது. ஏறிட்டாப் போயிரும்னு நெனச்சேன்."

நான் அவர் மூக்கிலிருந்த சருகை எடுத்துப் போட்டேன். ஒரு வருஷமாக இந்த மனுஷன் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்து நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு இருந்த பயம்தான் அவருக்கும் இருந்திருக்கிறது.

"நீ தினமும் சொல்லுவியே" என்றார், தெருவைப் பார்த்தபடி. "அத இன்னொரு தடவ சொல்லேன்."

"எத?"

"அதான்டி."

"ஏறாதீங்க" என்றேன்.

"சரி" என்றார்.