லிஃப்ட் பெற்ற பிள்ளை

ஒரு லிஃப்ட் இன்னொரு லிஃப்டைப் பெற்றெடுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தவன் என்ன, பிரசவம் பார்த்ததே நான்தான். சாட்சி? என் சகலை ஒருவர்தான். அவரோ ஓய்வு பெற்ற பிறகும், "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல" என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் வேலை. கட்டுவதற்கு முன்பே லிஃப்டுகளைக் கம்ப்யூட்டர் திரையில் ஏற்றி இறக்கிப் பார்க்கும் பிரிவு. அவருக்கு வந்தது ஹார்ட் டிஸ்க் வைத்த புதுப் பெட்டி. அதைப் பூட்டும் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார். எனக்கு வந்தது ஃபிளாப்பி போட்டால் இருமிக்கொண்டே எழுந்திருக்கும் கிழம். தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் பெட்டி உறுமும்போதெல்லாம் என் வயிற்றெரிச்சலில் ஒரு ஹோட்டலுக்கே சமைத்திருக்கலாம்.

அப்போதுதான் பொருள்நோக்கு மொழி என்று, புரோகிராம் எழுத ஒரு புது மொழியைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. லிஃப்ட் என்றால் என்ன என்று ஒருமுறை எழுதினால் போதும். சரக்கு லிஃப்ட் வேண்டுமா? 'இது அதன் பிள்ளை' என்று சொல்லி வித்தியாசத்தை மட்டும் எழுதினால், மற்ற குணமெல்லாம் தாயிடமிருந்து தானாக வந்துவிடும்.

"அதெல்லாம் பெரிய மெஷினுக்குத்தான் சகலை. உங்க டப்பா தாங்காது" என்றார்.

அந்த மொழி சின்னப் பெட்டிக்கும் வந்துவிட்டதாக ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் பார்த்தேன். எழுதிப் போட்டு, ஃபிளாப்பியாக வரவழைத்தேன். யாருடைய சரக்கு லிஃப்ட் முதலில் ஓடுகிறதோ அவருக்கே பிரிவுத் தலைவர் பதவி என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சகலை பழைய மொழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். நானோ, மொழி உட்கார இடம் பண்ண, பெட்டியின் நினைவகத்திலிருந்து கடிகாரம், பிரிண்டர் என்று ஒவ்வொரு புரோகிராமாகத் துரத்தினேன்.

ஓட்டிக் காட்டும் நாளில் மேனேஜர் வந்தார், சகலை வந்தார். பொத்தானைத் தட்டும் நேரம் பார்த்து மேனேஜருக்குப் போன் வந்தது, ஓடினார். பிள்ளை பிறந்தது. ஏறியது. உடனே நினைவகம் நிரம்பித் திரை இருண்டது; மறுபடி தட்டியும் எழவில்லை. திரும்பி வந்த மேனேஜர், "ஓடிச்சா?" என்று சகலையைக் கேட்டார்.

"நான் எதையும் பார்க்கல சார்."

மறுவாரம் அவருடைய லிஃப்ட் ஓடியது. அவர் தலைவர்.

சண்டைக்குப் போகவில்லை நான். குடும்பம் கூடும்போதெல்லாம் கதையைச் சொல்வேன், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் கொஞ்சம் மேலே போகும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், "இருபது மாடி ஏறிச்சு!" என்றேன்.

"அத்தான், போன தடவை பன்னிரண்டுதானே?" என்றாள் கொழுந்தியாள்.

"வளர்ற பிள்ளைம்மா!"

என் மனைவிக்குப் புரையேறியது. சகலை டம்ளரை நங்கென்று வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"இருபதா? கொஞ்சமாவது கூச்சம் வேணாமா சகலை? மூணாவது மாடிலயே நின்னுபோச்சு! ரெண்டு பக்கக் கதவும் திறந்துச்சு, அப்புறம்தான் திரை போச்சு. நான் பக்கத்துலயேதானே நின்னேன்!"

கொழுந்தியாள் புருஷனையே பார்த்தாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "அழகாத்தான் ஏறிச்சு."