கடைசியாகத் தொட்டவள்

கை சுவரில் பட்டுவிட்டது, தலையைத் தூக்கினால் காது நிறையத் தண்ணீர், அதனால் சத்தம் ஒன்றுமில்லை, மேலே வெளுத்த வானம், அந்த வானத்திலிருந்து மூன்று பெண்கள் கால்களை மடக்கிக்கொண்டு அவள்மேல் விழுந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் தண்ணீரைத் தொடவில்லை, மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல், இந்த இடத்தில்தான் இசக்கியம்மாளுக்கு எப்போதும் கனவு நின்றுவிடும், கனவு என்று சொல்லவும் முடியாது, பட்டப்பகலில், அம்பாசமுத்திரம் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போதுகூட வரும், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் மேடம் மேடம் என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிடட்டும், அவளுக்கு அவசரமில்லை, அந்த மூன்று பேரும் அப்படியே அந்தரத்தில் நிற்பதுதான் நல்லது, அவர்கள் தண்ணீரைத் தொடாதவரைக்கும் வெண்கலப் பதக்கம் அவர்களுக்குத்தான்.

பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி, கல்லூரிக்குப் பின்னால் நீச்சல் குளம், குளம் என்று கல்லூரி மலரில் போட்டிருந்தார்களே தவிர பெரிய தொட்டி என்று சொன்னால் பாவமில்லை, பச்சைத் தரை, ஒரு மூலையில் வாகை மரம், இலை உதிர்கிற காலத்தில் வாயைத் திறந்து மூச்செடுத்தால் இலையும் சேர்ந்து உள்ளே போகும். பல்கலைக்கழகத்தின் பெயரில் போட்டிக்குப் போனாலும் நாலு பேரும் இந்த ஒரே தொட்டியில் ஊறியவர்கள்தான், வேறு கல்லூரியில் நீந்துகிற பெண்கள் கிடையாது, இசக்கி மூன்றாம் ஆண்டு, ஜெபசெல்வி, கோமதி, சண்முகவடிவு மூவரும் இரண்டாம் ஆண்டு, ஐந்தாவதாக ஒருத்தி சேர்ந்து ஒரே வாரத்தில் காதுவலி என்று நின்றுவிட்டாள். பயிற்சி கொடுத்தவர் தனுஷ்கோடி சார், கபடிக்கும் அவர்தான், கோகோவுக்கும் அவர்தான், நீச்சலுக்குத் தனியாக ஆள் போடக் கல்லூரிக்கு மனசில்லை, அவர் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து விசில் ஊதுவார், தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்துகிற தொடர் நீச்சலில் அவர்கள் எங்கே போனாலும் கடைசி, மதுரையில் கடைசி, சென்னையில் கடைசி, தோற்றதுகூடப் பெரிதில்லை, மற்ற எல்லோரும் தொட்டு முடித்து, துண்டு போர்த்தி, சுக்குக் காப்பி வாங்கக் கிளம்பிய பிறகும் இவர்களின் கடைசிப் பெண் மட்டும் பாதிக் குளத்தில் கையடித்துக்கொண்டிருப்பாள், அந்தக் கடைசிப் பெண் எப்போதும் இசக்கிதான். முதல் வருடம் அப்படி வந்து சுவரைத் தொட்டவள் ஏறி வரவில்லை, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தாள், தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாதே என்று, ஆனால் மேலே நின்ற தமயந்தி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அப்போது அணியில் மூத்தவள் அவள், தொபீரென்று பக்கத்தில் குதித்தாள், அவளைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் குதித்தார்கள், எதற்கென்று தெரியாமல் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள், அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது, தமயந்தி அக்கா படிப்பை முடித்துப் போன பிறகும் பழக்கம் போகவில்லை, சாயங்காலப் பயிற்சியானாலும் சரி, போட்டியானாலும் சரி, கடைசியாக வருகிறவள் சுவரைத் தொட்டதும் மற்ற மூன்று பேரும் குதித்துவிட வேண்டும், கடைசியில் வருகிறவளைத் தண்ணீரில் தனியாக விடக்கூடாது. தனுஷ்கோடி சாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார், தோற்றாலும் கல்யாண வீடு மாதிரி இருக்கிறீர்களே என்பார்.

அகில இந்தியப் போட்டிக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணி போகலாம், அந்த வருடம் குவாலியரில், டிசம்பரில், ரயிலில் போகப் போக ஜன்னல் கம்பி குளிர்ந்துகொண்டே வந்தது, தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகள், அந்த ஊர்க் குளத்தில் காலை நனைத்ததும் அம்மா என்று ஒரே குரலில் கத்தினார்கள். இசக்கிக்கு மட்டும் கத்த நேரமில்லை, அவளுக்கு இதுதான் கடைசி வருடம், அப்பா வாடகை வேன் ஓட்டுகிறவர், அவளுக்குப் பின்னால் வீட்டில் இன்னும் இரண்டு பேர், மதுரையில் ரயில்வே விளையாட்டுப் பிரிவில் இருந்த ஒருவர் அவள் நீந்துவதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார், தேசிய அளவில் ஒரு பதக்கம், வெண்கலமானாலும் போதும், கொண்டு வாம்மா, வேலைக்கு எழுதிப் போடலாம் என்று. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, ரயிலில் புளியோதரையைப் பிரித்துக்கொண்டே மூவரிடமும் சொன்னாள், ஜெபசெல்வி சிரித்தாள், அக்கா, நாம கடைசிக்கு முந்தி வந்தாலே பேப்பர்ல போடுவாங்க என்றாள், இசக்கியும் சிரித்தாள், ஆசைப்படுவதற்குக் காசா பணமா.

தகுதிச் சுற்றில் வழக்கம்போலத் தங்கள் பிரிவில் கடைசி, வழக்கம்போல மூவரும் குதித்தார்கள், நடுவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, மற்றவர்கள் எல்லோரும் தொட்டு முடித்துவிட்டார்கள். இன்னொரு பிரிவில் ஒரு அணியில் முன்னவள் சுவரைத் தொடுமுன் அடுத்தவள் பாய்ந்துவிட, அந்த அணியை வெளியேற்றியதால் இவர்களுக்கு எட்டாவது இடமாக இறுதிச் சுற்று கிடைத்தது, எட்டாவது லேன், சுவரோரம், அந்த ஓரத்தில் நின்றால் முதல் லேனில் யார் நீந்துகிறார்கள் என்று தலையை நீட்டிப் பார்த்தாலும் தெரியாது. அன்றைக்கு என்ன நடந்தது என்று இசக்கிக்கு இப்போதும் சரியாகச் சொல்ல வராது, ஜெபசெல்வி முதலில் போனாள், திரும்பி வந்தபோது நடுவில் எங்கேயோ வந்தாள், கோமதி போனாள், சண்முகவடிவு போனாள், குளிர் தாங்காமல் சீக்கிரம் கரையேறத்தான் அப்படி நீந்தினீர்கள் என்று தனுஷ்கோடி சார் பின்னால் சொல்லுவார், இசக்கி பாய்ந்தபோது முன்னால் நாலு பேர், திரும்பும்போது மூன்று பேர், அப்புறம் தோள் எரிகிறது, கால் இருக்கிற இடம் தெரியவில்லை, இசக்கி இசக்கி என்று யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது, அது அவள் மூச்சுதான், பக்கத்து லேன்காரியின் பாதம் தெரிகிறது, இடுப்பு தெரிகிறது, பிறகு தெரியவில்லை, கை சுவரில் பட்டுவிட்டது, தலையைத் தூக்குகிறாள், மூன்றாவது, வானத்திலிருந்து மூன்று பேர் விழுகிறார்கள், விழுந்தும்விட்டார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிறார்கள், அந்தச் சமயம் முதல் லேனில் யாரோ ஒருத்தி இன்னும் நீந்திக்கொண்டிருந்தாள், அவளை நாலு பேரும் பார்க்கவில்லை.

பதக்க மேடைக்குப் பக்கத்தில் தலையைத் துவட்டி, மேல்சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தயாராக நின்றார்கள், ஒலிபெருக்கியில் இந்தியில் என்னவோ சொன்னார்கள், நாலாவதாக வந்த பெண்கள் ஓடிவந்து மூன்றாம் படியில் ஏறினார்கள். தப்பாக ஏறிவிட்டார்கள், பாவம் என்றுதான் கோமதி நினைத்தாள், சொல்லவும் சொன்னாள். தனுஷ்கோடி சார் நடுவரிடம் போனார், கையை ஆட்டிப் பேசினார், நடுவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்துக் காட்டினார், சார் அதைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார், திரும்பி வந்து ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார், எல்லா அணியும் நீந்தி முடிக்கிறதுக்கு முந்தி வேற யாரும் தண்ணியில இறங்கக் கூடாதாம், நீங்க குதிச்சிட்டீங்க என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள், இங்கே உடைத்தது யார் என்றுகூடச் சொல்ல முடியவில்லை, மூவரும் சேர்ந்துதானே குதித்தார்கள். இது உங்களுக்குத் தெரியாதா சார் என்று இசக்கி கேட்டாள், குரல் உயரவில்லை. தெரியும்மா, எப்பவோ படிச்சதுதான், நீங்க ஒருத்தருக்கு முன்னால வருவீங்கன்னு நான் நெனச்சே பாக்கல, அதான் சொல்லித் தரல என்றார். அந்தப் பதிலுக்கு எங்கே கோபப்படுவது, அவளும்தான் நினைத்துப் பார்க்கவில்லை, எப்போதும் கடைசியில் வருகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தால் என்ன வேலை.

ஆனாலும் கோபம் எங்கேயாவது போய் உட்காரத்தானே வேண்டும், சாப்பாட்டுக் கூடத்தில் இசக்கி தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அம்மா எதற்கெடுத்தாலும் சொல்லுவாள், இப்போது ஊருக்குப் போனாலும் சொல்லுவாள், அதை வேறு கேட்க வேண்டும். ஜெபசெல்வி வந்து எதிரே நின்றாள், உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டேயிருந்தாள், அக்கா, நாந்தான் மொதல்ல குதிச்சேன், அவளுவ என்னப் பாத்துதான் குதிச்சாளுவ, அவளுவள ஒண்ணும் சொல்லாதீங்க என்றாள். இசக்கி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஒனக்கு அடுத்த வருசம் இருக்கு, எனக்கு என்னட்டி இருக்கு. மறுநாள் இன்னொரு தொடர் நீச்சல் இருந்தது, நாலு பேரும் நாலு விதமாக நீந்துவது, அதற்கு நான் வரவில்லை என்று சாரிடம் சொன்னாள், அவள் இல்லையென்றால் அணியே இல்லை என்பது அவருக்குத் தெரியும், இருந்தும் அவர் கட்டாயப்படுத்தவில்லை, சரிம்மா என்றார், அந்தச் சரிம்மா அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் பையை எடுக்கத்தான் உடை மாற்றும் அறைக்குப் போனாள், சார் அணியின் பெயரை இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது, அங்கே ஜெபசெல்வி தொப்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜெபசெல்விக்கு முழங்கால்வரை முடி, வெட்ட வீட்டில் விடமாட்டார்கள், அதை நாலாக மடித்து உச்சியில் சுருட்டி, ஒருத்தி இரண்டு கையாலும் ரப்பர் தொப்பியை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி குனிந்து தலையைக் கொடுக்க வேண்டும், ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை, கோமதியும் சண்முகவடிவும் முயன்று பார்த்து ஒரு தொப்பியைக் கிழித்திருந்தார்கள், இரண்டு வருடமாக அதைச் செய்தது இசக்கிதான், அந்தக் கொண்டை எப்படிப் படியும் என்று அவள் விரலுக்குத்தான் தெரியும். வாசலில் நின்று பார்த்தாள், பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது, இப்படியா சுருட்டுவார்கள், போய்க் கையைத் தட்டிவிட்டாள், முடியை முழுக்க அவிழ்த்துத் திரும்ப மடித்தாள், குனிட்டி என்றாள், ஜெபசெல்வி குனிந்தாள், தொப்பி ஏறியது, காதோரம் நின்ற முடியையும் உள்ளே தள்ளினாள். பிறகு இசக்கி தன் பையைத் திறந்து நீச்சல் உடையை எடுத்தாள், முந்தின நாள் ஈரம் அதில் இன்னும் காயவில்லை, அதைப் போட்டுக்கொள்ளும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இந்தப் பகுதி கனவில் வராது, அவளாக நினைத்தால்தான் உண்டு, கவுண்டரை மூடிக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு பக்கத்து ஊரான ஆம்பூருக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாள் நினைத்துக்கொள்வாள். ரயில்வே வேலை கிடைக்கவில்லை, அதற்காக வாழ்க்கை ஒன்றும் மூழ்கிவிடவில்லை, பரீட்சை எழுதித் தபால் துறைக்கு வந்தாள், தம்பியும் தங்கையும் படித்தார்கள், அது வேறு கதை. அன்றைக்கு ஆறாவது லேன், கடைசியாகப் பாய்ந்தவள் இசக்கி, கோபத்தில் நீந்தினாளோ என்னவோ, நன்றாகவே நீந்தினாள், கை சுவரில் பட்டது, தலையைத் தூக்கினாள், மேலே வானம் வெறுமையாக இருந்தது. மூவரும் குளத்து விளிம்பில் நின்றார்கள், பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விளிம்பிலிருந்து ஓரடி தள்ளியே, ஜெபசெல்வியின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, ஐந்தாவது இடம், ஐந்தாவதுக்கு ஒன்றும் கிடையாது. எட்டாவது லேனில் ஒருத்தி இன்னும் வந்துகொண்டிருந்தாள்.

கடைசியாக வருகிறவள் எப்படி இருப்பாள் என்று இசக்கி அதற்கு முன் பார்த்ததில்லை, எப்படிப் பார்ப்பாள், அது எப்போதும் அவள்தானே. அந்தப் பெண் வடகிழக்குப் பக்கத்துக்காரி போலிருந்தாள், குட்டையான கை, ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சு வாங்கினாள், நேரம் குறிக்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பார்வையாளர்கள் எழுந்து மேல்துணியை உதறினார்கள், அவளுடைய ஆட்களே துண்டு எடுக்கப் போய்விட்டார்கள். இவ்வளவு நேரம் ஆகிறது ஒருத்தி வந்து சேர, இத்தனை வருடம் இவ்வளவு நேரமும் மூன்று பேர் நகராமல் நின்று எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று இசக்கி நினைத்தாள், நினைத்ததும் நெஞ்சுக்குள் என்னவோ இளகிவிட்டது. அந்தப் பெண் சுவரைத் தொட்டாள், ஏறவில்லை, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது, தூரத்திலிருந்து பார்த்தால் மூச்சு வாங்குகிறாள் என்றுதான் தோன்றும். இசக்கி நிமிர்ந்து பார்த்தாள், எல்லாரும் வந்தாச்சு, இப்ப குதிக்கலாமாக்கா என்று ஜெபசெல்வி மெதுவாகக் கேட்டாள், கேட்கும்போதே அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்கு வேண்டாம்ட்டி, அந்தா அவ தனியா கெடக்கா பாரு, அவளுக்குக் குதிங்க என்றாள் இசக்கி. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள், விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை, ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி ஓடினார்கள், நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு, எல்லோரும் தொட்டுவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கினார், மூன்று பேரும் எட்டாவது லேனுக்கு மேலே கால்களை மடக்கிக்கொண்டு எழும்பினார்கள், பக்கவாட்டில் இருந்து பார்க்கையில் அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இசக்கிக்குத் தெரியாது, முகம் தெரியாத அந்தப் பெண் தலையைத் தூக்கி வாயைத் திறந்தாள், தண்ணீர் வெடித்தது, அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் லேன்களைப் பிரிக்கிற இரண்டு கயிறுகள் மிதந்தன, இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.