பாஸ்கலின் தனிப் பாடகர் வாழ்க்கை, ஏழு தொகுதிகள்

1974 ஆகஸ்ட் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஈப்போ மதுக்கடை ஒன்றில் பாஸ்கல் மின்கித்தார் வாசித்துப் பாடியது அந்தக் கடையில் எவர் காதிலும் விழவில்லை. செமோரைத் தாண்டிய ரப்பர் தோட்டத்தில், அவன் முன்பு பால் வெட்டிய நானூற்று இருபது மரங்களிலும் பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்குகளிலிருந்து அது கேட்டது. முந்தின மாதம்வரை அவன் தோட்டத்து புளூ பக்கெட்ஸ் பாட்டுக் குழுவில் இருந்தவன். டிரம் அடித்த உடையப்பனிடம், "நான் தனியாப் போறேன் மச்சான். நீ அடிக்கிற அடிக்கு டவுன்ல எவனும் ஆடமாட்டான்லா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். குழு கலைந்தது. அவனுடைய மரங்கள் உடையப்பனுக்கு வந்தன.

முதலில் மேனேஜர் பங்களா ரேடியோ என்றுதான் நினைத்தார்கள். உடையப்பனின் மனைவி செல்லாயி ஒரு மங்கில் காது வைத்து, "நம்ம பாஸ்கலுதான். இருமுறான் பாரு" என்றாள். மூன்றாம் வாரத்தில் அது பழகிவிட்டது. பெண்கள் அந்தப் பாட்டுக்குள்ளேயே விறகு பொறுக்கினார்கள். உடையப்பன் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து எழுதினான். ஆபீசில் கழித்துப்போட்ட பெரட்டுப் புத்தகங்கள் அவனிடம் இருந்தன. காலையில் ஆள் வந்தானா இல்லையா என்று குறிக்கும் அந்தக் கட்டங்களில் அவன் குறித்தது இப்படி: நான்கு பாட்டு. மூன்றாவதில் சுருதி விலகல். கம்பி ஒன்று அறுந்தது. இருமல் இரண்டு. புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. மழை வந்தால் மங்குகளைக் கவிழ்த்து வைப்பது தோட்டத்து வழக்கம், கவிழ்ந்த மங்கில் பாட்டு கேட்காது. அந்த ஞாயிறுகளில் கட்டத்தில் 'மழை' என்று மட்டும் இருக்கும். 1976இல் மூன்றாம் தொகுதி முடிந்தது, 1982இல் ஏழாவது தொடங்கியது. இது பாஸ்கலுக்குத் தெரியக்கூடாது என்பதில் உடையப்பன் உறுதியாக இருந்தான்.

பாஸ்கலுக்குத் தன் குரல் நன்றாகவே கேட்டது. அதனால் ஆட்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தான். முடி வளர்த்தான், வெட்டினான். பெரிய ஸ்பீக்கர் வாங்கினான். மலாய்ப் பாட்டு, சீனப் பாட்டு எல்லாம் படித்தான். கடை முதலாளியான சீனத் தவுக்கே அவனை ஒன்பது வருடம் வைத்திருந்ததற்குக் காரணம், வாடிக்கையாளர்களால் தொந்தரவில்லாமல் பேச முடிந்ததுதான்.

1983 ஏப்ரலில் அந்த மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப்போவதாகத் தோட்டத்தில் அறிவித்தார்கள். அதே வாரம் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே மங்குகளில் பாஸ்கல் பேசினான். "அடுத்த வாரம் கடைசி. அப்புறம் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறை வேலை. ஒம்பது வருசமா ஒருத்தனும் கேக்கல." உடையப்பன் அதையும் கட்டத்தில் எழுதினான். செல்லாயி புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "போய்ச் சொல்லிட்டு வா. பூட்டி வைக்கவா ஏழு புஸ்தகம் எழுதுன?"

கடைசி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு அவன் ஏழு தொகுதிகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு ஈப்போவில் இறங்கினான். பாஸ்கல் அன்று பாடவில்லை. மேடையில் உட்கார்ந்து அந்தத் தொகுதிகளை வாசித்தான். வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தாம் தொகுதியில் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு உடையப்பனைக் கூப்பிட்டான்.

"எழுபத்தெட்டு நவம்பர் பன்னெண்டு. மழைன்னு போட்டிருக்க."

"ஆமா."

"அன்னைக்கு ஒனக்குன்னு ஒரு பாட்டுக் கட்டிப் பாடுனேன் மச்சான். அதுக்கு முந்தின வாரம் ஒன்ன வாளி தட்டுறவன்னு மைக்ல நக்கல் பண்ணிட்டேன். மனசு கேக்கல."

உடையப்பன், "அந்த நக்கல் கேட்டுச்சு" என்றான். "அன்னைக்கு மழை இல்ல. மத்தியானமே போய் நானூத்தி இருவது மங்கையும் கவுத்துட்டேன்."

பாஸ்கல் அந்தப் பாட்டை எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டு வரிதான் ஞாபகம் இருந்தது. மிச்சம் ஞாபகம் வந்தால் ஏதாவது ஒரு ஞாயிறு பாடுகிறேன், எப்போது என்று சொல்ல முடியாது என்றான். பிறகு தொகுதிகளை வைத்துக்கொண்டு சாக்கை மட்டும் மடித்துக் கொடுத்தான். சிங்கப்பூர் போகவில்லை.

ஜூனில் மரங்கள் விழுந்தன. கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும் கோலா கங்சாருக்கும் பிரிந்துபோன குடும்பத்தினர் ஆளுக்கு இரண்டு மூன்று மங்கு எடுத்துப் போனார்கள். ஞாயிறு நான்கு மணிக்கு அவை அலமாரிகளிலிருந்து பாடுகின்றன. யாரும் வாய் பிளப்பதில்லை. வெளியே தூறல் விழுந்தால், வீட்டுக்குள் இருக்கிறோம் என்பதை மறந்து, பழைய பழக்கத்தில் எழுந்து கவிழ்த்துவிடுகிறார்கள். ஈப்போ அடுக்குமாடிக்குக் குடிவந்த உடையப்பன் வீட்டு மங்கு சன்னலுக்கு வெளியே கம்பியில் கட்டியிருக்கிறது. எந்த மழைக்கும் அவன் அதைக் கவிழ்ப்பதில்லை. தண்ணீர் நிறைந்தால் பாட்டு கொஞ்சம் கொப்பளித்து வருகிறது, அவ்வளவுதான். முடிந்ததும் செல்லாயி அந்தத் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றுகிறாள். எட்டாம் தொகுதியில் இப்போது 'மழை' என்ற சொல்லுக்குப் பக்கத்திலும் பாட்டுகளின் எண்ணிக்கை இருக்கிறது.