காத்திருக்கலாம் என்றார் டாக்டர்

குன்னூர் மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் வெள்ளியங்கிரி. ஓய்வுபெற்ற பிறகும் தினமும் காலையில் பஸ் ஏறிப் பர்லியார் போய், பழைய டிரைவர் காளிமுத்துவோடு டீ குடித்துவிட்டு வருவார். எழுபத்திரண்டாவது வயதில் அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தெரிந்தது. ஆரம்பக் கட்டம்.

“இது மெதுவா வளர்றதுங்க. ஆறு மாசத்துக்கொருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கிட்டே காத்திருக்கலாம். ஆபரேஷன்னா சிலருக்கு மூத்திரம் அடக்க முடியாமப் போயிரும்,” என்றார் கோயம்புத்தூர் டாக்டர்.

“அப்ப காத்திருக்கலாமுங்க,” என்றார் வெள்ளியங்கிரி.

மகள் வேலாமணி ஒப்பவில்லை. “அது உள்ள இருக்குதுன்னு தெரிஞ்சும் எனக்குச் சோறு எறங்குமுங்களாப்பா?” என்று அழுதாள். மூன்று நாள் சாப்பிடாமலே எஸ்டேட் ஆபீசுக்குப் போய்வந்தாள். நாலாம் நாள் அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

நோய் போய்விட்டது. மூத்திரம் மட்டும் நிற்கவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சிகளை ஒரு வருஷம் செய்தும் பலனில்லை. ஒருநாள் துணிந்து டயப்பர் கட்டிக்கொண்டு பஸ் ஏறியவர், பாதி வழியில் வேட்டி நனைந்ததும் இறங்கி, நடந்தே வீடு திரும்பினார். பிறகு வெளியே போகவேயில்லை. காளிமுத்து தேடி வந்தபோது, “தூங்கறேன்னு சொல்லிரு,” என்றார். வேலாமணி வாசலில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னாள்.

மழைக்காலத்தில் வேட்டிகள் காயவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை இஸ்திரி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தவள், பெட்டியை நிறுத்திவிட்டு அவரிடம் வந்தாள்.

“அப்பா, நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க. எம் பயத்துக்கு உங்களைக் கத்திக்குக் குடுத்துட்டேன்.”

அப்படியில்லை என்பார் என்று எதிர்பார்த்தாள்.

“ஆமா கண்ணு,” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. “நானும் முடியாதுன்னு கெட்டியாச் சொல்லியிருக்கோணும். நீ பட்டினி கெடந்ததப் பாக்க முடியல.”

வேலாமணி வெகுநேரம் அழுதாள். பிறகு, கசிவை நிறுத்த இன்னொரு ஆபரேஷன் இருப்பதாக டாக்டர் சொன்னதைச் சொன்னாள். “நீங்களே முடிவு பண்ணுங்கப்பா. நான் ஒண்ணும் பேசமாட்டேன்.”

ஒரு வாரம் அவர் முடிவு சொல்லவில்லை. கேட்டுவிட அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

“வேண்டாம் கண்ணு. இனி என்னைய அறுக்க வேண்டாம்,” என்றார் சனிக்கிழமை.

அவரை எப்படியாவது சரிசெய்துவிட்டால் தன் மனசும் ஆறிவிடும் என்று உள்ளுக்குள் எண்ணியிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“சரிங்கப்பா,” என்றாள்.