ஒரு வண்டிக்கு மட்டும்

நான்கு கம்பெனிகளின் கான்கிரீட் லாரிகள் ஒரே சாலையில் முட்டி ஊரையே நிறுத்தியதால், நான்கும் சேர்ந்து, வண்டிகளுக்கு வழி சொல்லும் நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தன. எந்த வண்டி எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு என்பது அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. ஒருவனுக்கு மட்டும் சொந்த அக்கா.

கால்வாய்ச் சாலையை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. காலையில் அது எதிரே வரும் தண்ணீர் டேங்கர்களுக்கானது. ஒதுங்க நடுவில் ஒரே ஓர் இடம். ஒரு லாரி என்றால் ஒதுங்கித் தப்பிக்கலாம்.

போன மாதம் தம்பியின் டிரம்மில் கலவை இறுகிவிட்டது. உள்ளே இறங்கி இரண்டு நாள் சுத்தியலால் உடைத்தான். இன்னும் ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. "இன்னொரு தடவை லோடு வீணாச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிரு" என்றார் அவன் முதலாளி. அதனால்தான் இன்று பெரிய சாலை அடைத்துக்கொண்டதும் அவனிடம் மட்டும், "கால்வாய்ப் பக்கம் போயிரு. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள்.

இப்போது அவனுக்கு முன்னால் ஆறு டேங்கர். பின்னால் பதினோரு லாரி.

"ஏன்டா சொன்ன?" என்றாள் வாக்கி டாக்கியில்.

"கேட்டாங்கக்கா. அவங்களும் லோடோட நிக்கிறாங்க. வழி தெரிஞ்சும் சொல்லலேன்னா நான் என்ன மனுஷன்?"

"ஏத்தி எவ்வளவு நேரமாச்சு?"

"ஒன்னே முக்கா மணி."

கலவை இரண்டு மணி நேரம்தான் தாங்கும். கடைசி வண்டியைக் கூப்பிட்டாள். அதை ஓட்டுபவனுக்கு ஒட்டகம் என்று பட்டப்பெயர்.

"ஒட்டகம், ரிவர்ஸ் எடு."

"எனக்குப் பின்னாடி ஸ்கூல் பஸ். அதுக்குப் பின்னாடி காய்கறி வண்டி. இறக்கை இருந்தா அனுப்பி வையக்கா, பறக்கிறேன்."

மறுபடி தம்பி. "டிரம் முனகுதுக்கா. தண்ணி ஊத்திடவா? இளகிரும்."

"ஊத்தாதே! தண்ணி சேர்ந்தா பலம் போயிரும். அது மாடித் தளத்துக்குப் போற கலவை. நாளைக்கு அதுக்குக் கீழதான் ஆளுங்க படுக்கப் போறாங்க."

"அப்ப என்னதான் செய்யறது?"

அவள் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். அதில் வழி இல்லை.

"கரையில கொட்டிரு."

"வேலை போயிரும்."

"இறுகினாலும் போகும். கொட்டினா உள்ள இறங்கி உடைக்கிற வேலையாவது மிச்சம். கொட்டுடா."

கலவையை வெளியே தள்ள டிரம் எதிர்ப்பக்கம் சுழலும் சத்தம் வாக்கி டாக்கியில் கேட்டது. அதற்குள் முதலாளியின் குரல் குறுக்கே வந்தது. "கால்வாய்ப் பக்கம் அனுப்பினது யாரு?"

"நான்தான் சார். அவன் மேல தப்பில்ல."

"அப்ப ரெண்டு பேரும் சாவியை வச்சிட்டுப் போங்க."

அவர் பேசி முடித்த உடனே ஒட்டகம் கூப்பிட்டான். குரலில் இப்போது கேலி இல்லை. "அக்கா, எனக்கு ஒன்றரை மணி ஆச்சு. நானும் கொட்டவா?"

அவனைத் தொடர்ந்து இன்னும் பத்து குரல்கள் அதையே கேட்டன.

"பொறு" என்றாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.