உங்கள் மிட்சுயோ

மீன் சந்தையின் முன்னால், காலைக் கூட்டம் கலையாத நேரத்தில், மிட்சுயோ ஒலிபெருக்கியில் தன் எதிராளிக்கு ஓட்டுக் கேட்டுவிட்டாள். "ஒகிமோட்டோ, ஒகிமோட்டோ, உங்கள் ஒகிமோட்டோ வணக்கம் சொல்ல வந்திருக்கிறார்" என்று நாக்கு அதன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. கைகளில் வெள்ளைக் கையுறை, மார்புக்குக் குறுக்கே 'குரிஹாரா மிட்சுயோ' என்று கொட்டை எழுத்தில் எழுதிய பட்டைத்துணி, முகத்தில் பழகிப்போன சிரிப்பு. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் தெட்சுஜி பிரேக்கை அழுத்தித் திரும்பிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் சந்தை முழுக்கச் சிரிப்பு கிளம்பிவிட்டது. ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தர் கைகூட தட்டினார்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் பெரியவர் ஒகிமோட்டோவின் பிரசார வண்டியில் உட்கார்ந்து அவர் பெயரைக் கூவியவள் அவள்தான். பிரசார வண்டியில் பெண் குரல்தான் எடுபடும் என்பது அந்தக் கடலோர ஊரில் யாரும் மறுக்காத நியாயம். காதுக்கு இனிமையாக இருக்குமாம், வயலில் வேலை செய்கிறவன்கூட நிமிர்ந்து பார்ப்பானாம். அந்தக் குரலுக்கு ஒரு உடம்பு உண்டு, உடம்புக்கு மேலே ஒரு தலை உண்டு, தலைக்குள்ளே நாலு யோசனையும் இருக்கக்கூடும் என்பது மட்டும் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. இந்த வருடம் பெரியவர் ஓய்வு பெற்று, ஒசாகாவிலிருந்து வந்த மகனை நிறுத்தினார். அதே பெயர், அதே சுவரொட்டி, முகம் மட்டும் இளசு. வண்டியில் வந்து உட்காரச் சொல்லி வழக்கம்போல மிட்சுயோவுக்கு ஆள் அனுப்பினார். மிட்சுயோ போய்த் தன் பெயரில் மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்தாள்.

காரணம் பஸ்தான். ஆரஞ்சுத் தோட்டத்து மேட்டிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே பஸ். "நான் இருக்கும்வரை அந்த பஸ் நிற்காது" என்பது போன தேர்தலில் ஒகிமோட்டோவின் வாக்குறுதி. பஸ் போன வசந்தத்தில் நின்றுவிட்டது. வாக்குக் கொடுத்தது அவர். ஆனால் ஊரார் காதில் விழுந்தது மிட்சுயோவின் குரல். மேட்டு வீட்டுக் கிழங்கள் மருந்துப் பையோடு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பொய் சொன்னது தானேதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. தெட்சுஜிக்கு மட்டும் புரிந்தது. அவன் சிப்பி ஏற்றும் சின்ன லாரியைக் கழுவி, மேலே ஒலிபெருக்கியைக் கட்டினான்.

ஊர் முதலில் கேட்ட கேள்வி பஸ்ஸைப் பற்றியதல்ல. "அப்போ தெட்சுஜிக்குச் சோறு யாரு ஆக்குவா?" என்பதுதான். மாதர் சங்கத்தில் ஒருத்தி, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்கக்கா, ரொம்பக் கண்டிப்பான ஆளா தெரியறீங்க" என்றாள். அடுத்த நாள் அவளே, "ரொம்பச் சிரிக்காதீங்க, இதென்ன வெளையாட்டான்னு கேக்கறாங்க" என்றாள். ஒகிமோட்டோவின் மனைவி முச்சந்தியில் நின்று இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கிய காலத்தில், கொடுத்துவைத்த மனுஷன் என்று ஊர் அவரைப் பாராட்டியது. தெட்சுஜி வண்டி ஓட்டினால், பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறான் என்றது.

சந்தையில் நடந்தது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. "சொந்தப் பேரே ஞாபகமில்ல, இவ எங்க ஊரை ஆளப்போறா?" பெரியவர் ஒகிமோட்டோ ஒருமுறை மேடையில் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லி, அந்த ஊருக்காக உயிரையே கொடுப்பேன் என்று முழங்கினார். சொன்னது தவறு என்று காதில் ஓதியதே மிட்சுயோதான். அன்றைக்கும் சனம் சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. "பாவம், தூக்கமே இல்லாம அலையறாரு மனுஷன்" என்றார்கள். அந்த முறை அவருக்கு ஓட்டு கூடத்தான் விழுந்தது.

அலைத்தடுப்புச் சுவரின் ஓரமாக லாரியை நிறுத்தி இருவரும் சாப்பிட்டார்கள். தெட்சுஜி பிடித்த சோற்று உருண்டை. எடுத்தவுடன் கையில் உதிர்ந்தது. உப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தது. மிட்சுயோ உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்றுகொண்டே அழுதாள். கையுறையால் கண்ணைத் துடைத்தால் அழுக்காகிவிடும் என்று முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"விட்டுடலாங்க. நான் வாயைத் தெறந்தாலே ஊருக்கு அவரு ஞாபகம்தான் வருது. முதல் நாளே அந்த மேட்டு வீட்டு ஃபுசாம்மா வண்டியை மறிச்சு, ஐயாவுக்குக் குடுன்னு ஒரு பை ஆரஞ்சைக் கையில திணிக்கல? பட்டையில என் பேரு இருக்கு, அதைப் பாக்கவே இல்ல."

தெட்சுஜி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது நிஜம்தான். இந்தத் தேர்தலில் சின்னம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் சீட்டில் பெயரைக் கைப்பட எழுத வேண்டும். காதில் எது நிற்கிறதோ அதுதான் கையில் வரும். மிட்சுயோ தொண்டை கிழியக் கத்தக் கத்த, சனத்தின் காதில் ஒகிமோட்டோ இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்துகொண்டிருந்தார். தனக்காக மைக்கில் பேச வேறு பெண் குரல் தேடி அவள் கேட்காத ஆளில்லை. ஒருத்தியின் புருஷனுக்கு ஒகிமோட்டோவின் கருவாட்டுக் கொட்டகையில் வேலை. இன்னொருத்திக்கு மாமியார் சம்மதிக்கவில்லை.

"இந்தா, நீ ஓட்டு" என்றான் தெட்சுஜி.

"என்னது?"

"வண்டிய ஓட்டு. மைக்கை இப்படிக் குடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண வீட்டில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னதற்கு, கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டவன் இவன். ஆனால் தெட்சுஜி சிரிக்கவில்லை. இறங்கி, லாரியைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு நின்றான்.

வேட்பாளரே வண்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துத் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். தெட்சுஜி மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்தான். முதலில் வெறும் மூச்சுத்தான் கேட்டது. பிறகு, படகு இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்துப்போன அவன் தொண்டையிலிருந்து, "குரிஹாரா... குரிஹாராங்க... குரிஹாராவுக்குப் போடுங்க" என்று வந்தது.

"என்னடா தெட்சுஜி, நீயா நிக்கிற?" என்று கத்தினார் பழைய கூட்டாளி சாகிச்சி. "சொல்லவே இல்லியே! எனக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடு, போட்டுடறேன்!"

சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெட்சுஜியின் முகம் காது வரை சிவந்தது. குரிஹாரா என்றால் அந்தத் துறைமுகத்தில் அவன்தான். அவனுக்கு முன்னால் அவன் அப்பா. மிட்சுயோ அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், அவ்வளவுதான். அவளைக் காட்ட வேண்டுமென்றால் அவள் பெயரைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாள் முதல் தெட்சுஜி அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இந்தா, ஏய், நம்ம வீட்டுல என்றே காலம் ஓடிவிட்டது. அந்த ஊர் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். அதை யாரும் குறையாக நினைத்ததும் இல்லை, மிட்சுயோ உட்பட.

பெயரைச் சொல்லச் சொல்லி அவனைக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். லாரி துறைமுகத்தை விட்டு மேட்டுப் பாதையில் ஏறியது. இரு பக்கமும் ஆரஞ்சு மரங்கள், பழம் பறித்தது போக மிச்சம் அங்கங்கே. தெட்சுஜி ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தான். தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலும் ஒலிபெருக்கியில் மலை முழுக்கக் கேட்டது.

"மிட்சுயோ" என்றான்.

எதிர்ச் சரிவில் பட்டு அது திரும்பி வந்தது. மிட்சுயோ ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டது தன்னைத்தான் என்று ஒரு கணம் அவளுக்கே நிச்சயமாகவில்லை.

"குரிஹாரா மிட்சுயோங்க. என் பொண்டாட்டி. நின்னுபோன பஸ்ஸைத் திரும்ப விடணும்னு நிக்கிறா. சொன்னதைச் செய்யாம விடமாட்டா, அது எனக்குத் தெரியும், நான் பட்டிருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "வீட்டுல சோறு யாரு ஆக்கறதுன்னு எல்லாரும் கேக்கறீங்க. நான்தான் ஆக்கறேன். நல்லா இருக்காது. தின்னு பழகிட்டா. அதப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம். மிட்சுயோங்க. உங்கள் மிட்சுயோ."

மேலே வளைவில் ஃபுசாம்மா ஏறிக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியவள், ஒரு கையில் தடி, ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை. வழக்கமாக ஒலிபெருக்கி கேட்டதும் கையாட்டுகிறவள், இன்று பையைக் கீழே வைத்துவிட்டு முறைத்துப் பார்த்தாள். மிட்சுயோ அவள் பக்கத்தில் லாரியை நிறுத்தினாள்.

"யாருடா அது, பன்றி விரட்டற மாதிரி கத்தறது?" என்றவள் பட்டைத்துணியைக் கிட்டே வந்து பார்த்தாள். "அப்போ நீயா நிக்கிற?"

"ஆமாம்மா."

"ஐயாவுக்குத்தான் நீ கூவறேன்னு நெனச்சேன். அன்னைக்கு ஐயாவுக்குன்னு ஆரஞ்சு குடுத்தேனே?"

"நாங்களே தின்னுட்டோம்" என்று தெட்சுஜி மைக்கிலேயே சொல்லிவிட்டான்.

மலை முழுக்க அது கேட்டது. ஃபுசாம்மாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. லாரியில் ஏறிக்கொள்ளச் சொன்னாள் மிட்சுயோ. தேர்தல் வண்டியில் ஏறினால் ஊர் பேசும் என்று மறுத்துவிட்டாள் கிழவி. "அந்த பஸ்ஸு நிக்காதுன்னு சொன்னது உன் குரல்தானே?" என்றாள் பிறகு, கோபமில்லாமல்.

"என் குரல்தாம்மா. அதுக்குத்தான் நிக்கிறேன்."

ஃபுசாம்மா பட்டைத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரி நகர்ந்தது. தெட்சுஜி மறுபடி ஆரம்பித்தான். ஒவ்வொரு தடவைக்கும் அந்தப் பெயர் அவன் வாயில் கொஞ்சம் கூச்சம் குறைந்து வந்தது. மிட்சுயோ கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஃபுசாம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையை விரித்து, வலது விரலால் அதில் மெதுவாக எதையோ எழுதிப் பார்த்தாள். கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள்.